ஓசையில்லா ஊர்தி

(உரைநடைப் பாடம்)

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ஆதிகங்கை எனப்படும் பழைய நீர்வழியின் கரையில் அமைந்துள்ளது காளிகாட். காளி கோயிலை நாடி வரும் அடியார், செம்பருத்தி மாலை விற்போர், பூசை செய்விக்கும் பண்டாக்கள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் அதன் குறுகிய தெருக்களில் நாள்தோறும் நிறைந்திருப்பர். வங்காளப் புத்தாண்டு நாளில் வணிகர்கள் புதிய கணக்கேடுகளுடன் வந்து வழிபடுவதால் நெரிசல் பன்மடங்காகும். அந்நாள் தமிழ்ப் புத்தாண்டோடு சேர்ந்தோ, அதற்கு அடுத்த நாளிலோ வரும். ஆதலால், அண்மையிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் மாவிலையும் வெற்றிலையும் வாங்க வரும் தமிழ்க் குடும்பங்களும் அக்கூட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

ஹாஸ்ரா சந்திப்பிலிருந்து ராஷ்பிஹாரி சந்திப்பு வரை நடந்து செல்வோர் பேருந்து, மஞ்சள் டாக்சி, வழித்தட ஆட்டோ, மோட்டார் சைக்கிள், தள்ளுவண்டி ஆகிய அனைத்தையும் ஒரே சாலையில் காணலாம். இவற்றோடு அண்மைக்காலத்தில் சேர்ந்திருப்பது மின் ஸ்கூட்டர். மின்சாரத்தால் ஓடும் ஊர்தி இந்நகருக்குப் புதியதன்று. குதிரைகள் இழுத்த டிராம் 1873-ஆம் ஆண்டிலும், மின்சார டிராம் 1902-ஆம் ஆண்டிலும் இங்கே ஓடத் தொடங்கின. ஆயினும் டிராமை ஓட்டியவர் பயிற்சி பெற்ற பணியாளர். மின் ஸ்கூட்டரையோ சில வேளைகளில் பள்ளிச் சீருடையணிந்த பதினான்கு அகவைச் சிறுவன் ஓட்டிச் செல்கிறான். அவன் ஓட்டலாமா, கூடாதா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது.

பெட்ரோல் நிலையத்தில் நில்லாத வண்டி

2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்கு வங்க அரசு சாலைப் பாதுகாப்பிற்கெனப் பேரியக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதே காலத்தில் கொல்கத்தா காவல்துறை எளியதோர் ஆணையையும் பிறப்பித்தது. தலைக்கவசம் அணியாமல் வரும் ஈருருளி ஓட்டுநருக்குப் பெட்ரோல் வழங்கக்கூடாது என்பதே அவ்வாணை. சந்திப்புகள் அனைத்திலும் காவலரை நிறுத்துவது அரிது. ஆனால் எந்த வண்டியும் சில நாட்களுக்கு ஒருமுறை பெட்ரோல் நிலையத்திற்கு வந்தே தீரவேண்டும். இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்ட கூர்மையான ஏற்பாடு அது.

மின் ஸ்கூட்டர் அந்த வலையில் சிக்குவதில்லை. அது பெட்ரோல் நிலையத்தில் நிற்பதில்லை. வீட்டு வாசலிலோ மாடிப்படியின் அடியிலோ சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. வெளியார் ஒருவர் அதன் ஓட்டுநரைப் பார்த்து, "தலைக்கவசம் எங்கே?" என்று கேட்கும் வாய்ப்பு குறைவு. கேட்க வேண்டியவர் வீட்டிலுள்ளவரே.

இருவகை மின் ஸ்கூட்டர்கள்

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் சட்டத்தின் கண்ணில் மின் ஸ்கூட்டர்கள் இருவகைப்படும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இப்பிரிவைத் தெளிவாக வகுத்துள்ளன. மோட்டாரின் திறன் 250 வாட்டிற்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, எடை முதலிய பிற வரையறைகளுக்கும் உட்பட்டதாயின், அவ்வண்டி மோட்டார் ஊர்தியாகவே கருதப்படாது. 250 வாட் என்பது வீட்டில் மூன்று மின்விசிறிகள் சுழலத் தேவைப்படும் திறனைவிடச் சற்றே மிகுதியானது. இத்தகைய வண்டிக்குப் பதிவெண் இல்லை. ஓட்டுநர் உரிமமும் கட்டாயமில்லை.

இந்த வரம்பைக் கடந்தது எதுவாயினும் அது மோட்டார் ஊர்தியே. அதற்குப் பதிவு, காப்பீடு, உரிமம், தலைக்கவசம் ஆகிய நான்கும் வேண்டும். பதிவுபெற்ற மின்னூர்திகளை எளிதில் இனங்காணும் பொருட்டு, 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு பச்சை நிற எண்பலகையை அறிவித்தது. சொந்தப் பயன்பாட்டு ஊர்தியாயின் பச்சையின்மேல் வெள்ளை எழுத்தும், வாடகை ஊர்தியாயின் மஞ்சள் எழுத்தும் இருக்கும். எனவே பச்சைப் பலகை தாங்கிய ஸ்கூட்டரைப் பள்ளி மாணவன் ஒருவன் ஓட்டிச் சென்றால், அவன் உரிமமின்றி மோட்டார் ஊர்தியை ஓட்டுகிறான் என்பதைத் தெருமுனையில் நிற்கும் காவலர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வார்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் நான்காம் பிரிவு, 18 அகவை நிறையாத எவரும் பொதுவிடத்தில் மோட்டார் ஊர்தியை ஓட்டக்கூடாது என்கிறது. 50 சி.சி.க்கு மேற்படாத இயந்திரம் பூட்டிய மோட்டார் சைக்கிளை மட்டும் 16 அகவை நிறைந்தோர் உரிமம் பெற்று ஓட்டலாம் என அப்பிரிவு விலக்களிக்கிறது. சி.சி. என்பது பெட்ரோல் இயந்திர உருளையின் கொள்ளளவு. மின் மோட்டாருக்கு அவ்வளவு கிடையாது. பெட்ரோல் காலத்தில் எழுதப்பட்ட சட்டம் மின்சாரக் காலத்திற்குள் நுழையும்போது இவ்வாறான இடறல்கள் நேர்வது இயல்பே. ஆதலால், பதிவெண் பெற்ற மின் ஸ்கூட்டரை ஓட்ட விரும்பும் மாணவர் 18 அகவை நிறையும்வரை காத்திருப்பதே ஐயத்திற்கு இடமில்லாத வழி.

விற்பனையாளர் கூறாத பாதி

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் மாலை வகுப்பிற்குச் சென்று வருவதற்காக, அவள் பெற்றோர் மின் ஸ்கூட்டர் வாங்கச் செல்கின்றனர் எனக் கொள்க. தந்தை அலுவல் நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்பவர். தாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது. "இதற்கு லைசென்ஸ் தேவையில்லை" என்கிறார் விற்பனையாளர். குறைவேக வண்டியைக் காட்டி அவர் அவ்வாறு கூறினால் அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

முதலாவதாக, அந்த வண்டி உண்மையிலேயே குறைவேக வண்டிதானா என்பதற்குச் சான்று வேண்டும். புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகாட் போன்ற சோதனை நிறுவனங்கள் ஒவ்வொரு மாதிரியையும் ஆய்ந்து ஒப்புதல் அளிக்கின்றன. அந்த ஒப்புதல் சான்றின் படியைக் கேட்டுப் பெறுவது வாங்குவோரின் உரிமை. இரண்டாவதாக, விற்ற பின்னர் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தரும் கடைகளும் உண்டு. கேரளத்தில் 2023-ஆம் ஆண்டு போக்குவரத்துத் துறையினர் கடைகளில் ஆய்வு நடத்தியபோது, வரம்பைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடும் வண்டிகள் குறைவேக வண்டிகள் என்னும் பெயரில் விற்கப்பட்டமை வெளிப்பட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள ஒரு கம்பியை எடுத்துவிட்டால் போதும் என நண்பர்கள் சொல்லக் கேட்ட மாணவர்கள் கொல்கத்தாவிலும் இல்லாமலில்லை.

அந்தக் கம்பியை எடுத்த நொடியில் நிகழ்வது வேக மாற்றம் மட்டுமன்று. அதுவரை சட்டத்தின் பார்வையில் மிதிவண்டிக்கு நிகராக இருந்த பொருள், பதிவுசெய்யப்படாத மோட்டார் ஊர்தியாக மாறிவிடுகிறது. உரிமமின்றி ஓட்டியதற்கு ஒன்று, பதிவின்மைக்கு ஒன்று, காப்பீடின்மைக்கு ஒன்று, ஊர்தியின் அமைப்பை மாற்றியதற்கு ஒன்று என ஒரே பயணத்தில் குற்றங்கள் அடுக்கப்படும். உரிமமின்றி ஓட்டியதற்கு மட்டும் சட்டம் குறிப்பிடும் தண்டம் 5,000 ரூபாய்.

பணத்தைவிடக் கொடியது வேகக் கணக்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். 45 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 12.5 மீட்டர். குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவருவதைக் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி கழிகிறது எனக் கொண்டால், அந்நொடியில் முதல் வண்டி 7 மீட்டரும், இரண்டாம் வண்டி 12.5 மீட்டரும் வேகம் குறையாமலே ஓடியிருக்கும். அதன்பிறகு காய்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்து நிற்பதற்கு முதல் வண்டிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் போதும். இரண்டாம் வண்டிக்கு 13 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்குகூட ஆகவில்லை. நிற்கும் தொலைவோ 11 மீட்டரிலிருந்து 25 மீட்டரைத் தாண்டிவிட்டது. காளி கோயில் தெருவில் 25 மீட்டருக்கு ஆளில்லாத வெற்றிடம் எந்த நேரத்திலும் கிடைக்காது.

இதனை வேறொரு வகையாகவும் கூறலாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு வீட்டுக் கதவின் உயரத்தைவிடச் சற்று மேலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது எட்டு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடிக்கு மேலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

தேர்க்காலும் தந்தையும்

திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆண்ட கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவர். இளவரசன் வீதிவிடங்கன் ஓட்டிச்சென்ற தேரின் சக்கரத்தில் கன்று ஒன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிந்தான். இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொல்லவில்லை. அது ஓடிவந்ததை அவன் காணவுமில்லை. காணவில்லை என்பதை அரசன் விலக்காக ஏற்கவில்லை என்பதே கதையின் கடுமை. திருவாரூர்க் கோயிலருகே உள்ள கல்தேர் இன்றும் அக்கதையை நினைவூட்டி நிற்கிறது.

இன்றைய சட்டம் மற்றொரு வினாவையும் எழுப்புகிறது: தேரை மகனிடம் கொடுத்தவர் யார்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் ஒருவர் மோட்டார் ஊர்தியை ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவருடைய பெற்றோரோ பாதுகாவலரோ ஊர்தியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். ஊர்தியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறார் 25 அகவை நிறையும்வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி அனைத்தும் செய்தோம் என்றோ பெற்றோர் மெய்ப்பித்தால் மட்டுமே தப்பலாம். ஸ்கூட்டரின் சாவியை மகன் கையில் தாமே கொடுத்த தந்தை அதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

25 அகவை என்பதன் பொருளை மாணவர் எண்ணிப் பார்ப்பது நன்று. கல்லூரிப் படிப்பு முடிந்து முதல் வேலைக்குச் செல்லும் ஆண்டுகளிலும் அவர் பிறர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையிலேயே அமர வேண்டியிருக்கும். மாறுதலுக்கு உட்பட்ட பணியில் இருக்கும் பெற்றோருக்கோ சிறைத்தண்டனை என்பது குடும்பத்தின் அடித்தளத்தையே அசைப்பதாகும். திருத்தச் சட்டத்தின் உயர்ந்த தண்டத்தொகைகளை ஏற்க மேற்கு வங்க அரசு தொடக்கத்தில் தயங்கியது உண்மை. ஆயின் அதனை நம்பி எவரும் சாவியைக் கொடுத்துவிடலாகாது.

2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் புனே நகரின் கல்யாணி நகரில், 17 அகவைச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, ஈருருளியில் சென்ற இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அச்சிறுவனுக்குப் பிணை வழங்கியபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அவ்வாணை மாற்றப்பட்டது. சிறுவனின் தந்தையும் கைது செய்யப்பட்டார். மின் ஸ்கூட்டர் அத்தகைய காரன்று என்பது உண்மை. எனினும் எதிரே நடந்து வரும் மூதாட்டிக்கு நூறு கிலோ எடையுள்ள வண்டி மோதினாலும் போதும்.

குறைவேக வண்டிக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அவ்வண்டி மோதி ஒருவர் காயமுற்றால், இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் ஏதும் பின்னால் நிற்காது. மருத்துவச் செலவு முழுவதையும் குடும்பமே தாங்க நேரிடும்.

தலைக்கவசம்

நடுவணரசின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். தலைக்கவசம் அணியாமையால் இறந்தோர் மட்டும் 50,029 பேர்; அவர்களுள் பதினாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். பின்னால் அமர்பவருக்குத் தலைக்கவசம் எதற்கு என்று கேட்போர்க்கு இவ்வெண்ணே விடை. தலைக்கவசம் அணிவது இறப்பு நேரும் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயம் நேரும் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு அகவைக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. காளிகாட்டை அடுத்த பவானிபூரில் மிகுதியாக வாழும் சீக்கியர்கள் தலைப்பாகை அணிந்திருப்பின் அவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நான்கு அகவைக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 2022-ஆம் ஆண்டில் தனி விதி வகுக்கப்பட்டது. குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும். ஒன்பது மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரை மிஞ்சலாகாது. தம்பியையோ தங்கையையோ முன்புறம் நிற்கவைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது முற்றிலும் தவறு.

தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அம்முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்பதே குற்றம். நடைபாதைக் கடைகளில் விற்கும் மெல்லிய தொப்பி காவலரின் கண்ணை ஏமாற்றலாம், கருங்கல்லை ஏமாற்றாது. வாரைப் பூட்டாமல் அணிந்த தலைக்கவசம் விழும்போது தலைக்கு முன்னரே பறந்துவிடும். ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிடினும், மீண்டும் பயன்படுத்தலாகாது. குறைவேக வண்டியை ஓட்டுபவரிடம் சட்டம் தலைக்கவசத்தைக் கேட்பதில்லை. எனினும் மண்டையோட்டின் உறுதி பதிவெண்ணைப் பொறுத்து மாறுவதன்று.

தண்டவாளமும் மழையும்

டிராம் ஓட்டம் பெரிதும் குறைந்துவிட்ட இந்நாளிலும் கொல்கத்தாவின் பல சாலைகளில் தண்டவாளங்கள் எஞ்சியுள்ளன. தண்டவாளத்தை ஒட்டியுள்ள பள்ளம் மின் ஸ்கூட்டரின் சிறிய சக்கரத்தைப் பற்றிக்கொள்ள வல்லது. மழைநாளில் நனைந்த இரும்பு எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். எனவே தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல், இயன்றவரை நேர்குறுக்காகக் கடக்கவேண்டும். அதன்மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக் பிடிப்பதும் கைப்பிடியைத் திருப்புவதும் ஆகா. இது சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி. கொல்கத்தாவில் நெடுங்காலம் வண்டி ஓட்டியவர்களின் அறிவு.

ஆடி ஆவணியில் பெய்யும் பெருமழையால் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு நீர் தேங்கும். அந்நீருக்கடியில் திறந்த சாக்கடையோ பள்ளமோ இருப்பது தெரியாது. நீரில் மூழ்கிய மின் ஸ்கூட்டரைத் தேர்ந்த பணியாளர் ஆய்ந்து பார்க்கும் முன் சார்ஜ் ஏற்றுதல் கூடாது.

வங்கக் கவிஞர் ஜீபனானந்த தாஸ் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் ராஷ்பிஹாரி அவென்யூவில் தேசப்பிரியப் பூங்காவின் அருகே டிராம் மோதிக் காயமுற்றார். 22-ஆம் நாள் உயிர்நீத்தார். மணியடித்தபடி, கடகடவென்னும் ஓசையோடு, வகுத்த பாதையில் மட்டும் செல்லும் ஊர்தி அது. அத்தகைய ஊர்தியே நடந்து செல்பவரைத் தாக்க நேர்ந்தது. ஓசையின்றி எந்தப் பக்கத்திலிருந்தும் வரக்கூடிய மின் ஸ்கூட்டரைப் பற்றி என்ன கூறுவது? பார்வையற்றோர் காதால்தான் சாலையைக் கடக்கின்றனர். முதியோரும், கைப்பேசியில் ஆழ்ந்தோரும், சாமி கும்பிட்டுத் திரும்புவோரும் பின்னால் வரும் வண்டியை உணரமாட்டார். எனவே சந்துமுனையில் வேகத்தை நடைவேகத்திற்குக் குறைத்து, மென்மையாக ஒருமுறை ஒலியெழுப்புதல் வேண்டும். நடைபாதையில் ஏறி ஓட்டுவதற்கு எந்த வண்டிக்கும் உரிமையில்லை.

மின் மோட்டாருக்கு மற்றோர் இயல்பும் உண்டு. பெட்ரோல் இயந்திரம் வேகமாகச் சுழன்ற பின்னரே முழு விசையைத் தரும். மின் மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு விசையோடு இழுக்கும். வண்டி ஓய்ந்திருக்கிறது என எண்ணிக் கைப்பிடியைத் தவறுதலாகத் திருகினால் அது பாய்ந்து முன்செல்லும். ஆதலால் வண்டியை நிறுத்தியதும் முதலில் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும்; பிறகே இறங்கவேண்டும்.

உறங்கும் வீட்டில் விழித்திருக்கும் மின்கலம்

2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வேலூரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. ஒரு தந்தை மின் ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் ஏற்ற விட்டு உறங்கச் சென்றார். நள்ளிரவில் வண்டி தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறி அவரும் பதின்மூன்று அகவையே ஆன அவர் மகளும் உயிரிழந்தனர். சாலையில் கால் வைக்காமலேயே ஒரு மின் ஸ்கூட்டர் இரண்டு உயிர்களைக் கொண்டுசென்றது. அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீ நேர்வுகள் ஏற்பட்டன. அதன்பின் நடுவணரசு மின்கலங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியைக் கடுமையாக்கி, 2022 திசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டிகள் இன்றும் தெருவில் ஓடுகின்றன.

காளிகாட்டின் பழைய அடுக்ககங்களில் இது தனிக்கவனம் பெறவேண்டியது. அங்கே பல கட்டடங்களுக்கு ஒரே மாடிப்படி. அப்படியின் அடியில்தான் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. அங்கே தீப்பிடித்தால் மேல்தளத்தினர் வெளியேறும் ஒரே வழி புகையால் அடைபடும். படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் ஏற்றாதிருத்தல், வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துதல், வெயிலில் ஓடிவந்த மின்கலம் ஆறும்வரை பொறுத்தல், அனைவரும் உறங்கும் வேளையில் சார்ஜில் விடாதிருத்தல் ஆகியவற்றை வீட்டிலுள்ள ஒருவரேனும் பொறுப்பேற்றுக் கவனிக்கவேண்டும். படித்த பிள்ளை அப்பொறுப்பை ஏற்பது தகும்.

பிற நாடுகளில்

வெளிநாடுகளில் மின் ஸ்கூட்டர் என்பது பெரும்பாலும் நின்றபடி ஓட்டும் சிறுவண்டியைக் குறிக்கும். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், 2019-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் முதல் நடைபாதைகளில் அதனை ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. மிதிவண்டிப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகத்திற்குள் ஓட்டலாம். செருமனியில் 14 அகவை நிறைந்தோர் 20 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டலாம். காப்பீட்டு வில்லை ஒட்டியிருக்க வேண்டும். பிரான்சு நாடு 2023-இல் குறைந்த அகவையை 12-லிருந்து 14 ஆக உயர்த்தியது. அவ்வாண்டே பாரிசு மக்கள் வாக்களித்து, வாடகை மின் ஸ்கூட்டர்களை நகரிலிருந்து நீக்கினர்.

விபத்தைக் கண்டவர்

சாலையில் ஒருவர் விழுந்து கிடப்பதைக் காணும் மாணவர், காவல் நிலையத்திற்கு அலைய நேருமோ என அஞ்சி விலகுவதுண்டு. அவ்வச்சம் இன்று தேவையற்றது. சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. அவர் தம் பெயரைக் கூறவோ சாட்சியாகவோ கட்டாயப்படுத்தப்படமாட்டார். 112 என்னும் எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகக் கூறவேண்டும்: எந்தச் சாலை, எந்தச் சந்திப்பு, அருகில் உள்ள மெட்ரோ நிலையம் எது என்பனவற்றை வங்காளத்திலோ இந்தியிலோ சொல்லலாம். காயமுற்றவரின் தலைக்கவசத்தைப் பயிற்சியில்லாதவர் இழுத்துக் கழற்றலாகாது, கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும்.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
ஈருருளி – இரண்டு சக்கர வண்டி
ஊர்தி – வாகனம்
எஞ்சிய – மீதமுள்ள
சிறார் – 18 வயது நிறையாதவர்
தண்டம் – அபராதம்
திங்கள் – மாதம்
நடுவணரசு – மத்திய அரசு
நேர்வு – நிகழ்ச்சி
படி – நகல்
பிணை – ஜாமீன்
மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்
விழுக்காடு – சதவீதம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பதிவுபெற்ற சொந்த மின்னூர்தியின் எண்பலகை ________ நிறமுடையது.
2. கொல்கத்தாவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய ஆண்டு ________.
3. நான்கு அகவைக்கு உட்பட்ட குழந்தையை அழைத்துச் செல்லும்போது வேகம் ________ கிலோமீட்டரை மிஞ்சலாகாது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பெட்ரோல் வழங்க மறுக்கும் ஆணை மின் ஸ்கூட்டருக்கு ஏன் பயன்படவில்லை?
2. குறைவேக வண்டியின் கம்பியை எடுத்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது என்னவாக மாறுகிறது?
3. தண்டவாளத்தை எவ்வாறு கடக்கவேண்டும்? ஏன்?

இ. விரிவாக விடை தருக.
1. மனுநீதிச் சோழன் கதையில் மகன் பொறுப்பேற்கிறான்; 199ஏ பிரிவில் பெற்றோர் பொறுப்பேற்கின்றனர். இவ்விரண்டில் எது முறையானது எனக் கருதுகிறாய்? காரணங்களுடன் எழுதுக.
2. "இதற்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று கூறும் விற்பனையாளருக்கும், மகளுக்காக வண்டி வாங்க வந்த தாய்க்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

ஈ. கணக்கிடுக.
மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு இருமடங்காகிறது எனக் கொள்க. 25, 45 கிலோமீட்டர் வேகங்களில், விழிப்புற எடுக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, வண்டி நிற்கும் மொத்தத் தொலைவு எவ்வளவு?

உ. மொழிப்பயிற்சி
'ஓசையில்லாத ஊர்தி' என்பது ஈற்றிலுள்ள 'த' கெட்டு 'ஓசையில்லா ஊர்தி' என நின்றது. இவ்வாறே மாற்றி எழுதுக: நில்லாத வண்டி, காணாத குழி, அணியாத தலை.

ஊ. செயல்பாடு
உன் வீட்டிலோ அண்டைவீட்டிலோ உள்ள மின் ஸ்கூட்டர் ஒன்றைப் பார்வையிடுக. எண்பலகையின் நிறம், மோட்டாரின் திறன், உச்ச வேகம், சார்ஜ் ஏற்றப்படும் இடம், அவ்விடத்திற்கும் வெளியேறும் வழிக்கும் உள்ள தொலைவு ஆகியவற்றை அட்டவணையாக எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் கையொப்பத்துடன் வகுப்பிற்குக் கொண்டுவருக.